சனிக்கிழமை விளையாடாத கிளப்

14 ஒக்டோபர் 1984, ஞாயிறு

மூன்றுக்குப் பூச்சியம். தோல்விதான். ஆனாலும் கால் நிறையச் சேற்றோடு பஸ்ஸில் வரும்போது அப்படி ஒரு சந்தோஷம். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து பெற்றோல் செற் வேலை, அறை, பெற்றோல் செற் என்று கிடந்தவனுக்கு இன்றைக்குத்தான் ஒழுங்கான ஒரு மட்ச்.

கிளப் யூதர்களுடையது. பெயர் கில்போவா. பதினொரு பேர் சேராவிட்டால் இந்த வருடத்தோடு மூடிவிடுவார்களாம். திடலில் சும்மா பந்தடித்துக்கொண்டிருந்த எங்கள் தமிழ்ப் பெடியன்கள் எட்டுப் பேரையும் தலைவர் லெவின்தான் வந்து கூப்பிட்டார். டாக்சி ஓட்டுகிறவர். ஐம்பது வயதிலும் ஆள் இல்லாமல் தானே கோல் காக்கிறார். அந்த மூன்றும் எப்படி உள்ளே போயின என்று எழுதத் தேவையில்லை.

என் அறையில் இருக்கும் சூசைதாசன் மன்னார்க் கத்தோலிக்கன். "யேசுவின்ர ஆக்கள்தானே அண்ணை, எனக்குச் சொந்தக்காரர்" என்கிறான்.

2 டிசம்பர் 1984, ஞாயிறு

வென்றோம். தேநீர் குடிக்கும்போது லெவின் பழங்கதை சொன்னார். அவருடைய தகப்பனும் தையல்கடைப் பெடியன்களும் தொடங்கிய கிளப் இது. மற்றக் கிளப்புகள் யூதனைச் சேர்க்காத காலம். பிறகு ஒரு லீக் வரச் சொன்னதாம், ஆனால் சனிக்கிழமை விளையாட வேண்டும். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். வேலையும் இல்லை, விளையாட்டும் இல்லை. மாட்டோம் என்றார்களாம். இரண்டு வருடம் எதிராட ஆளில்லாமல், தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து விளையாடினார்களாம்.

"இப்போது என் மகன் வேறு கிளப்பில் சனிக்கிழமை விளையாடுகிறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5 மார்ச் 1985, செவ்வாய்

பத்திக்கொண்டு வருது. கப் அரையிறுதி. பனியால் இரண்டு ஞாயிறு தள்ளிப்போய், இந்தச் சனி விளையாடு, இல்லையென்றால் வெளியே போ என்கிறது லீக். லெவின் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டாராம். கிளப் சரித்திரத்திலேயே முதல் அரையிறுதி. என்ன மனுசன் இவர்?

"சனிக்கிழமை அவையளுக்குத்தானே ஏலாது, எங்களுக்கென்ன?" என்றான் சூசை.

இந்தக் கிழமை கிளப் சட்டைகள் தோய்க்கும் முறை என்னுடையது. எல்லாம் என் அறையில்தான் காய்கின்றன.

9 மார்ச், சனி

லீக்குக்கு நானே போன் பண்ணி, வருகிறோம் என்றேன். எட்டே எட்டுப் பேர். இரண்டுக்கு ஒன்று, வென்றுவிட்டோம். இரண்டும் சூசை அடித்தது. லெவின் முகத்தை நாளைக்குப் பார்க்க வேணும்.

10 மார்ச், ஞாயிறு

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"நாங்கள் யூதர் இல்லையே, உங்களுக்கென்ன பாவம்?" என்று கேட்டேன். "என்ன சட்டை போட்டு விளையாடினாய்?" என்றார். "நீ விளையாடினால் கிளப் விளையாடியது. ஐம்பது வருடத்தில் நேற்றுத்தான் முதல்." சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெற்றி வேண்டாம் என்று லீக்குக்குச் சொல்லிவிட்டார். புதன்கிழமை கமிட்டி எங்களை வைத்திருப்பதா என்று பேசப்போகிறது.

சீ. என்ன வேலை பாத்தனான்? அந்த மனுசனுக்கு நல்லது செய்யத்தானே போனனான். இனி ஞாயிற்றுக்கிழமையில எங்க போறது?

11 மார்ச்

வேலை. ஒருவரோடும் கதைக்கவில்லை.

13 மார்ச், புதன்

கமிட்டியில் இரண்டு பேர் எங்களை அனுப்பத்தான் வேண்டும் என்றார்கள். நான் எழும்பி மன்னிப்புக் கேட்டேன். இங்கிலீஷ் பாதியில் நின்றுவிட்டது.

பிறகு லெவின் பேசினார். "எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்துச் செய்த பிழை இது. என் சொந்த மகன் எனக்காக ஒரு பிழைகூடச் செய்ததில்லை."

இருக்கிறோம். எட்டுப் பேரும்.

10 நவம்பர் 1985, ஞாயிறு

அடுத்த ஞாயிறு சூரன்போர். கந்தசஷ்டி விரதத்தின் கடைசி நாள். எங்களில் ஐந்து பேர் ஆறு நாளும் விரதம், அன்றைக்குத்தான் மட்சும். லெவினுக்குச் சொல்லாமல் விட்டால் சரியில்லை என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "நாங்கள் சமாளிப்போம், பாலும் பழமும் சாப்பிடலாம்" என்றேன்.

"எனக்கொரு விரதமும் இல்லை, நான் தனிய நிண்டு அடிக்கிறன்" என்று சூசை பக்கத்தில் நின்று பெருமை அடித்தான்.

லெவின் லீக்குக்குப் போன் எடுத்தார். "பதினேழாம் திகதி கில்போவா விளையாடாது. எங்களுக்கு விரத நாள்" என்றார்.

அந்தப் பக்கம் இருந்தவரும் யூதர்தான் போல. அப்படி ஒரு விரதம் தனக்குத் தெரியாதே, புதிதா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை, மிகப் பழையது," என்றார் லெவின். "நாங்கள்தான் இந்த வருடம் தொடங்குகிறோம்."