வண்டி ராஜாவின் அழுக்குப் படாத கை

கிள்ளான்
3 மார்ச் 1931

அன்புத் தம்பி லிங்கத்துக்கு அக்கா புஷ்பவல்லி எழுதுவது.

அப்பாவும் நானும் சுகம். கோபித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவன் ஒரு வரி எழுதவில்லை. கல் மனசுடா உனக்கு.

விஷயம் இதுதான். உங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாட்டுவண்டிக்காரர்களின் தலைவர் பாலனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் அவர் பெயரையே சொல்லவில்லை, வாய்க்கு வாய் "எங்க ராஜா" என்றார்கள். அவருடைய அப்பா செத்து, இவர் தலைப்பாகை கட்டி ஆறு மாதம்தானாம். வயது இருபத்திரண்டாம். நம் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நீ அவர் கூடவே சுற்றுகிறவன். நல்லதையும் எழுது, கெட்டதையும் எழுது. மறைக்காதே. வாழப் போகிறவள் நான்.

உன் அக்கா
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 1931

அக்காவுக்கு லிங்கம்.

உயிரோடதான் இருக்கேன், திட்டாத.

நல்லது மொதல்ல. பாலன் அண்ணனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. அவங்க அப்பா காலத்துல செந்தூல் ரௌடிங்க நம்ம வண்டிய மறிச்சி மூட்டைய எறக்கிக்குவானுங்க. கெழவர் பல்லக் கடிச்சிக்கிட்டு விட்டுட்டாரு. அண்ணன் தலைப்பா கட்டுன வாரமே மொத வண்டில தானே ஏறி உக்காந்தாரு. மறிச்சவன் மூஞ்சில கட்டையால ஒரே போடு. மூக்கு இருந்த எடம் தெரியல. இன்னொருத்தன் கத்திய அண்ணன் தோள்ல எறக்கிட்டான். ரத்தம் கொட்டுது, மனுசன் சிரிக்கிறாரு! அன்னைலேந்து ஒருத்தன் மறிக்கல. வண்டிக்காரன் எவன் செத்தாலும் அவன் வீட்டுக்கு மொதல்ல அரிசி போறது அண்ணன் வீட்டுலேந்துதான்.

கெட்டது, அவரு காது. புகழ்றவன் சொல்றதுதான் உள்ள ஏறும். இன்னொண்ணும் இருக்கு. நம்ம பொழப்பக் கெடுக்குற லோரிக்கார தவுக்கே, அந்தச் சீன மொதலாளிக்கு நம்மாளு யாரும் சரக்கு ஏத்தக் கூடாதுன்னு கட்டுப்பாடு. சின்னையான்னு ஒருத்தன் ஏத்திட்டான். கேட்டா, புள்ளைங்க பசின்னான். முனியாண்டி கோயில் முன்னாடி கட்டி வெச்சோம். எங்க வழக்கம் உனக்குத் தெரியாது. தப்பு செஞ்சவன தலைவர்தான் அடிக்கணும், வேற ஆளு தொடக் கூடாது. அடிச்சிட்டு, காயத்தக் கழுவி, அதே கையால சோறு ஊட்டணும். அவன் தின்னுட்டா பகை முடிஞ்சிது. கெழவர் அழுதுக்கிட்டே ஊட்டுவாராம்.

அண்ணன் தடிய என் கைல குடுத்து, "நீ அடிடா"ன்னாரு. அடிச்சேன். விலா எலும்பு ஒடிஞ்சது காதுல கேட்டிச்சு.

"அண்ணே, சோறு?"ன்னு கேட்டேன்.

"ராஜா எவன் எச்சிலயும் தொடமாட்டான். போயி மாட்டப் பூட்டுடா."

எல்லாரும் சிரிச்சானுங்க. நானும்தான்.

சின்னக் குறைதான் அக்கா. யோசிக்காத, கட்டிக்கோ.

லிங்கம்


கிள்ளான்
14 மார்ச் 1931

தம்பி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். விலா எலும்பு வந்த வரியை இரண்டு தரம் படித்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே, "ஆம்பளைங்க சமாச்சாரம்மா அதெல்லாம்" என்றார். சம்மதம் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். பங்குனி கடைசியில் வெற்றிலை மாற்றுகிறார்கள்.

சின்னக் குறை என்கிறாய், குழம்பில் உப்பு போதவில்லை என்பது போல. அவர் கை சுத்தமாக இருக்க உன் கை வேண்டியிருக்கிறதே, அது உனக்கு உறைக்கவில்லையா? நாளைக்கு என் மேல் அவருக்குக் கோபம் வந்தால் தடியை யாரிடம் கொடுப்பார்?

அந்த மனிதர் சாப்பிட்டாரா? உன் ராஜா ஊட்டாவிட்டால் நீ போய் ஊட்டு. அடித்தவன் நீதானே. இது கைக்கு வந்த அன்றே போ.

புஷ்பவல்லி


கோலாலம்பூர், போலீஸ் லாக்கப்
2 ஏப்ரல் 1931

அக்காவுக்கு,

போனேன். கஞ்சி கொண்டு போயி ஊட்டுனேன். சின்னையா ஒரு வாய் வாங்குனான், ரத்தத்தோட என் மூஞ்சில துப்புனான். "நீ வெறும் தடிடா. தடி ஊட்டி எவனாச்சும் திம்பானா? உன் ராஜாவ வரச் சொல்லு"ன்னான். அண்ணன்கிட்டப் போயிச் சொன்னேன். வரல. மறுநாள் சின்னையா செத்துட்டான்.

அவன் பொண்டாட்டி மாருல அடிச்சிக்கிட்டு போலீஸோட வந்தா. எங்கள வரிசையா நிக்க வெச்சாங்க. அண்ணன் ரெண்டு கையையும் நீட்டிக் காட்டுனாரு. "நான் தொடவே இல்ல தொரை. அடிச்சவன் இவன்." பொய் இல்லக்கா. அதான் வயிறு எரியுது.

நேத்து அவரு ஆளு கம்பிகிட்ட வந்து சொல்றான், "உன் அக்கா கழுத்துல தாலி ஏறட்டும். ராஜா சொன்னத மாத்திச் சொல்லிருவாரு. மத்தவன் எவனும் எதையும் பாக்கல லா. ஏறலேன்னா, எல்லாரும் பாத்தோம்."

எனக்காக நீ ஒத்துக்குவ. உன்ன எனக்குத் தெரியும். அதனால இன்னிக்குக் காலைல மாஜிஸ்திரேட் முன்னாடி நானே சொல்லிட்டேன். யாரு தடி குடுத்தது, யாரு அடிச்சது, எல்லாம். கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே அவன் மாத்திச் சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான்.

தூக்கா ஜெயிலான்னு தெரியல. பாக்க வராத. நீ அழுதா நானும் அழுதுருவேன்.

வெத்தில மாத்த அவனுங்க வந்தா அப்பாவ வாசலுக்கு அனுப்பாத. நீயே போயி நில்லு.

லிங்கம்