வாசலில் இரண்டு மரைக்கால்

பழுகாமம்,
09.02.1933

மைத்துனர் நல்லரத்தினம் அவர்களுக்கு,

கண்ணகை அம்மன் காவலில் இங்கு நானும் உம்முடைய அக்கா அன்னப்பூரணியும் சுகமாயிருக்கிறோம். கொழும்பில் நீரும் வீட்டாரும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும். சின்னவனுக்கு இருமல் விட்டதா என்று அக்கா நாளுக்கு நாலு தரம் கேட்கிறாள், நான் ஏதோ டாக்குத்தர் போல. கரடியனாற்றுத் தேன் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறோம். நம்பிக்கையான ஆள் அகப்பட்டால் அனுப்புவேன்.

வேளாண்மை போன வருடம் போலத்தான். யானை ஒரு தரம் வந்து வரம்பை உடைத்துவிட்டுப் போனது. மற்றப்படி கதிர் சாய்ந்து நிற்கிறது. மாதக் கடைசியில் வெட்டுத் தொடங்கும்.

இனி முக்கியமான விஷயம். உம்முடைய அறிமுகக் கடிதத்தோடு ஒருவர் வந்து என் வீட்டில் குந்தியிருக்கிறார். பெயர் அல்பேட் ஜெயராஜா. புளியந்தீவு மெதடிஸ்தக் குடும்பமாம். கொழும்பு சர்வகலாசாலைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாராம். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். கணக்கு வைக்கும் முறைகளின் சரித்திரமாம். அரசர்களுக்குச் சரித்திரம் உண்டு, கோயிலுக்கு உண்டு. கணக்குக்கு என்ன சரித்திரம்? போன வருடக் கணக்கைப் பற்றிப் பேசினாலே இங்கே ஒருவருக்கும் பிடிப்பதில்லை. இதற்கு ஒரு பட்டம், அதையும் சீமையிலிருந்து கொடுப்பார்களாம். படித்த மனிதர் நீர், இதை நம்புகிறீரா?

தோணியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவி கடந்து வந்தார். காற்றோட்டமான அறை ஒன்றைக் காட்டினேன். வேண்டாம் என்று நெல் அறைக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கினார். அங்கே வெளிச்சம் நல்லதாம். அந்த அறையில் பகலில் கூட விளக்குக் கொளுத்த வேண்டும் என்பது உமக்குத் தெரியும்.

கேட்கிற கேள்விகளைக் கேளும். காகிதம் வருமுன் வயலுடைய போடிமார் எப்படிக் கணக்கு வைத்தார்கள்? வயற்காரருக்கு முன்கூட்டிக் கொடுத்த நெல்லை எப்படி நினைவில் வைத்தார்கள்? களத்தில் ஏன் யாரும் இலக்கம் சொல்வதில்லை? இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். களத்தில் நின்று எண்ணினால் பூதம் வந்து பொலி நெல்லை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் வாய் திறக்காமல் அளப்போம். முதல் மரைக்கால் நெல்லை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்போம். மரைக்கால்கள் சேர்ந்து ஒவ்வொரு அவணம் முடியவும் ஒரு பிடி நெல்லை ஒதுக்கி வைத்து, வீட்டுக்கு வந்துதான் அதைப் பார்ப்போம். இவ்வளவையும் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஏற்றி எழுதிக்கொண்டார். பிறகு என் வயலைச் செய்கிற வயற்காரரிடமும் தனித்தனியே போய் இதையே கேட்டிருக்கிறார். அவர்களுக்குத் தலைவனாயிருக்கிற சாமித்தம்பி வீட்டில் தேத்தண்ணீர் குடித்து அரை நாள் இருந்தாராம். அங்கே என்ன கதைத்தார் என்று சாமித்தம்பியிடம் விசாரித்தேன். சும்மா கதைச்சம் போடியார் என்கிறான். அரை நாள் சும்மா கதைக்க என்ன இருக்கிறது?

நேற்று அந்த மனிதர் வந்து, போடியார் நெல்லு அளக்கிற உங்கட மரைக்காலை ஒருக்காப் பாக்கலாமா என்றார். இரவலுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த மரைக்கால் எங்கிருந்து வந்தது என்று உமக்கு விரித்து எழுதத் தேவையில்லை. வயலும் மாடும் போல அதுவும் உம்முடைய அப்பா அக்காவுக்குத் தந்த சீதனம்.

வருமான வரி என்று சென்ற வருடம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வரி அறவிடும் கந்தோர் அனுப்பிய ஆளோ என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லும், இவர் யார்? உம்முடைய பெயருக்காகத்தான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். கதிரைக் களத்தில் போட்டுச் சூடு மிதிக்குமுன் இவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும். வயற்காரர் முன்னால் என் முகம் கெடாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உம்முடைய மச்சான்
கோணாமலைப்போடி

*

பழுகாமம்,
14.03.1933

மைத்துனர் நல்லரத்தினம் அவர்களுக்கு,

சின்னவன் தேறிவிட்டான் என்ற செய்தி அக்காவுக்கு மருந்து போல இருந்தது. அம்மனுக்கு நேர்ந்த பொங்கலைப் பொங்கிவிட்டாள்.

உம்முடைய பதில் எனக்கு மருந்தாக இல்லை. அவர் நல்ல மனிதர், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர். பயம் என்று நான் எங்கே எழுதினேன்? என் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாரும். அவரை அழைத்துக்கொள்ளும் என்றேன், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்காவிடம் உம்முடைய கடிதத்தைக் காட்டி, உங்கட தம்பி என்னத்தையோ மறைக்கிறான் என்றேன். மறைக்கிறது யார் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சூடு மிதித்து அளந்தும் ஆயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெட்டு முடியும்வரை அந்த மனிதர் அசையவில்லை. அளக்கிற நாளில் களத்துக்கும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அதனால் சரி என்றேன். அன்று விடிய எழும்பி நெல் அறைக்குள் போனேன். உம்முடைய அப்பா ஓடாவியைக் கொண்டு ஒரே முதிரை மரத்தில் செய்வித்த மரைக்கால் இரண்டும் சுவரோரம் இருந்தன. வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் அடிப்பலகை மட்டும் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று. விதைப்புக்கும் பஞ்ச காலத்துக்கும் வயற்காரருக்கு ஆழம் குறைந்ததால் அளந்து கொடுத்து, களத்தில் ஆழமானதால் திருப்பி அளப்பதுதான் உங்கள் வீட்டு வழக்கம். நான் தொடங்கினதல்ல. எந்த மரைக்கால் எது என்று அடியில் தட்டினால்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான்.

அந்த மனிதர் உள்ளே கையை விட்டால் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு போகம் போனால் போகட்டும், மானம் மிஞ்சட்டும் என்று கொடுக்கிற மரைக்காலைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன்.

சாமித்தம்பி அளந்தான். லாபம் என்று தொடங்கினதோடு களம் அமைதியாகிவிட்டது. நான் பொலியைப் பார்க்கவில்லை, அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மரைக்காலுக்குள் எட்டியும் பார்க்கவில்லை. வாயைப் பிளந்தபடி, சாமித்தம்பியின் உதட்டையும் ஒதுக்கி வைக்கிற பிடி நெல்லையுமே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

என் நெல் சாக்குக்குள் போன பிறகுதான் கண்டேன். வயற்காரன் காத்தமுத்துவின் பாயில் நெல் மிஞ்சிக் கிடந்தது. மற்றவர்களின் பாயிலும் அப்படியே. வருடா வருடம் எனக்கு அளந்து தீர்ந்தபின் பாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். அன்று உதற முடியவில்லை. காத்தமுத்து குவியலைப் பார்த்தான், சாமித்தம்பியைப் பார்த்தான். சாமித்தம்பி மரைக்காலைக் கவிழ்த்து, அடியில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினான். பிறகு மெல்ல நிமிர்த்தி வைத்தான். களத்தில் பேசக்கூடாது, ஒருவரும் பேசவில்லை. யாராவது வாய் திறந்து ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பி ஏசியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

அடுத்த நாள் அந்த மனிதர் பயணம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது. எதைக் கண்டு சந்தோஷம்? எங்கே போய் என்ன எழுதிக் கொடுக்கப் போகிறார்? எனக்குச் சோறு இறங்குகிறதில்லை. விசாரித்து எழுதும்.

இப்படிக்கு,
கோணாமலைப்போடி

*

பழுகாமம்,
06.04.1933

அன்புள்ள மச்சான் நல்லரத்தினத்துக்கு,

உம்முடைய பதில் வரவில்லை. வராவிட்டாலும் எழுதுகிறேன்.

போன கிழமை நெல் வாங்குகிற இப்றாஹிம் காத்தான்குடியிலிருந்து வந்தார். என் நெல்லை விலை பேசி முடித்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, என்ன போடியார், இந்தமுறை உங்கட வயற்காரரும் நெல்லு விக்காங்க, இவ்வளவு காலமா வாறன், அவங்கட்ட ஒரு மரைக்கால் வாங்கினதில்ல, நல்ல விளைச்சலோ என்று கேட்டார். போன வருட விளைச்சல்தான் என்று அவருக்கே தெரியும். சிரித்துக்கொண்டு கேட்டார். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உம்முடைய ஆராய்ச்சிக்காரரிடமிருந்தும் கடிதம் வந்தது. பயந்து பயந்து உடைத்தேன். நன்றி, நன்றி என்று ஒரு பக்கம். இலக்கம் சொல்லாமலே கணக்கு வைக்கும் முறையை நேரில் கண்டது தன் பாக்கியமாம். அந்த மௌனத்தைப் பற்றியும் லாபம் என்ற சொல்லைப் பற்றியும் தனி அத்தியாயம் எழுதுகிறாராம். மரைக்காலை வெளியிலிருந்து படம் வரைந்து ஒரு பிரதியும் வைத்திருந்தார். அச்சொட்டாக இருக்கிறது, இரும்புப் பட்டத்தில் உள்ள நெளிவு உட்பட. கீழே, இதன் உள்ளளவு என் ஆராய்ச்சிக்கு வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். வேண்டியதில்லையாம்! அந்த வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். வரிக் கந்தோரும் இல்லை, வேவும் இல்லை. அந்த மனிதர் உண்மையாகவே கணக்கின் சரித்திரத்தைத்தான் படிக்க வந்திருக்கிறார். நான்தான் என் கையாலேயே மரைக்காலை மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

வயற்காரர் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வந்தால் நல்லது. வழியில் கண்டால் சால்வையை இறக்கி, ஓம் போடியார் என்று முன்னைப் போலவே மரியாதையாக ஒதுங்குகிறார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாமித்தம்பியின் பெண்சாதி கண்ணகை கோயிலடியில் அக்காவைக் கண்டு, இந்தமுறை போடியார் நல்லா அளந்தாரு அக்கா, பிள்ளையளுக்குப் புதுச் சீலை எடுத்தம் என்றாளாம். அக்கா வீட்டுக்கு வந்தாள். நேரே நெல் அறைக்குள் போய் இரண்டு மரைக்காலையும் தூக்கி வந்து, கழுவி, மஞ்சள் பூசி, வாசலில் அருகருகே வைத்துவிட்டாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான். நான் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தேன். காலையில் அது திரும்ப வாசலில் இருந்தது. என்ன வேலை இது என்று சத்தம் போட்டேன். என்ட அப்பா செய்விச்சது, என்ட சீதனம், என்ட வாசல் என்றாள்.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள். சிறுவயதில் நீர் இரண்டு மரைக்காலுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்து, இது ஏன் ஆழம் என்று வயற்காரர் முன்னால் கேட்டு, அப்பாவிடம் கன்னத்தில் வாங்கினீராமே. இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் போடிமாருக்கா பஞ்சம்? அந்த மனிதரை நீர் ஏன் இந்த வீட்டுக்கே அனுப்பினீர்? இது இப்போது என்னுடைய கடைசிச் சந்தேகம். இதற்கு நீர் பதில் எழுத வேண்டாம். எழுதினால் என்ன எழுதுவீர் என்று எனக்குத் தெரியும்.

வருஷப் பிறப்பு அடுத்த வியாழன். வழக்கம்போலக் கைவிசேஷக் காசு வாங்க வயற்காரர் எல்லோரும் வருவார்கள். சிறுபோகத்துக்கு விதைநெல்லும் அன்றுதான் அளந்து கொடுக்க வேண்டும். நேற்று சாமித்தம்பி வந்து எத்தனை மணிக்குச் சுபநேரம் என்று கேட்டுவிட்டு, மறுகா எல்லாருமா வாறம் போடியார், மரைக்கால நீங்களே எடுத்து வையுங்க என்று சொல்லிப் போனான். வாசலைத் தாண்டும்போது இரண்டையும் பார்த்தான், ஒன்றையும் தொடவில்லை.

மச்சான், சின்னதை எடுத்தால் அறுப்பில் களத்துக்கு எது வரும் என்று அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெரியதால் அள்ளிக் கொடுத்தால் இத்தனை வருடமும் என்ன செய்தேன் என்று நானே ஊருக்குச் சொன்னதாகும். அக்கா எதை எடுக்கச் சொல்கிறாள் என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

லீவு கேட்டு ரயிலேறி வாரும். துறைக்குத் தோணி அனுப்புவேன். அவர்கள் வரும்போது நான் வாசலில் தனியாக நிற்கக் கூடாது. வர முடியாவிட்டால் எந்த மரைக்காலால் அளக்க வேண்டும் என்று ஒரு வரி, ஒரே வரி, தந்தியில் அடியும். ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன். உம்மைச் சந்தேகிக்கவும் மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தேன் போத்தல் இன்னும் இங்கேதான் இருக்கிறது. நீர் வந்து எடுத்துப் போவீர் என்று அக்கா துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

துறையைப் பார்த்திருக்கும்
உம்முடைய மச்சான்
கோணாமலைப்போடி