தங்கச்சிக்கு ஒரு சோடிக் கொலுசு

பார்க்கிங், லண்டன்
வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் றஜீனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் அந்தக் கல்கரிப் பனியில் வழுக்கி விழாமல் சுகமாய் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறோம். மூன்று பேரும் என்று எழுதியதை இன்னொரு தரம் வாசி, அதை எழுதக் கிடைத்த நிம்மதியில்தான் பேனாவை எடுத்தேன். கொஞ்ச நாளாக நீ போன் எடுத்துத் தங்கச்சி எப்படி என்று கேட்டபோதெல்லாம், நல்லாய் இருக்கிறாள் என்றுவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றினேன், அப்பா எதையோ ஒளிக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஒளித்தது உண்மைதான். விமானத் தளத்தில் பறவை விரட்டுகிற பிள்ளை, வேலை நேரத்தில் இங்கே இருக்கிற பறவையை நினைத்துக் கலங்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது எல்லாம் சரி, பயப்படாமல் வாசி.

ஒரே பிள்ளையாய் வளர்ந்தவள், ஒரு பருந்தைத் தங்கச்சி என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று அன்றைக்கு விட்டோம். அதுதான் வினையாகிப் போனது. போன மாதம் நீ அம்மாவுக்குப் போனில், தங்கச்சியின்ர அங்க்லெட் காஞ்சு வெடிச்சிருக்கும், புதுசு போட வேணும், அப்பாட்டைச் சொல்லுங்கோ என்றாய் அல்லவா? அம்மா எனக்குச் சொல்லவேயில்லை. அங்க்லெட் எண்டால் கொலுசுதானே, அதுக்கு ஆம்பிளையளிட்டை என்ன கேள்வி என்று தானாகவே ரயிலேறி ஈஸ்ட் ஹாம் நகைக்கடைக்குப் போய்விட்டார். அவரிலும் முழுப்பிழை சொல்ல ஏலாது, காலில் ஏற்கெனவே மணி கட்டியிருக்கிறவள் கொலுசும் போட்டால் என்ன என்று நினைத்திருக்கிறார். கடைப்பெண் யாருக்கு அன்ரி என்று கேட்க, மகளின்ர தங்கச்சிக்கு என்றிருக்கிறார். வயசு என்று கேட்க, நாலு. அவள் நாலு மாதம் என்று எடுத்துக்கொண்டு குழந்தைக் கொலுசைக் கொண்டுவர, இவ்வளவு பெரிசு வேண்டாம் பிள்ளை, என்ர சின்னி விரல் தடிப்புத்தான் கால் என்றாராம். அந்தப் பிள்ளை அம்மாவின் நரைமுடியைப் பார்த்துவிட்டு, குறைமாசமோ அன்ரி என்று இரக்கத்தோடு கேட்டிருக்கிறது. அம்மாவும், ஓம், பாரம் கொஞ்சம் குறைவுதான், ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பாத்துத்தான் சாப்பாடு குடுக்கிறம் என்று உள்ளதைச் சொல்லி, கடையில் இருந்ததிலேயே ஆகச் சின்னச் சோடியை வாங்கியிருக்கிறார். பக்கத்தில் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒருவர் நின்றிருக்க வேண்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நானம் எப்ப வைப்பம் என்று கேட்டார். உனக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால் திகைக்காதே.

வெள்ளிக் கொலுசைக் கண்டு வயிறு நோகச் சிரித்தேன். பிறகு அதை அவளுடைய காலோடு வைத்துப் பார்க்கலாம் என்று கையுறையில் ஏற்றினால், சிரிப்பெல்லாம் போய்விட்டது. நீ அங்க்லெட் என்று சொன்னது, கட்டுக் கயிறு கோர்க்கிற அந்தத் தோல் பட்டி, இடது காலில் பித்தளை வளையம் பதித்த இடத்தில் குறுக்கே வெடித்து ஒரு நூலில் நின்றது. அது அறுந்து ஒற்றைக் காலில் தொங்கியிருந்தால் கால் முறிந்திருக்கும். இரண்டும் அறுந்திருந்தால் திரும்பி வந்திருக்கவே மாட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நீ அந்த வேலையையே வேண்டாம் என்று நின்றதும், ஹீத்ரோவில் வைத்து நான் பாக்கிறன் போ என்று நான் வாக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன.

அன்றைக்கே அம்மாவின் பழைய தோல் பையை வெட்டினேன். நனைத்து இழுத்துப் பார்த்தால் உரிந்து வருகிறது, உள்ளே வெறும் மட்டை. இத்தனை வருடமாக அதைத் தோல் பை என்று பெருமையாய்த் தூக்கித் திரிந்தோம். பிறகு நீ முன்பு சொன்ன கங்காருத் தோலைத் தேடி எடுப்பித்தேன், மெல்லியதுதான் ஆனால் இழுபடாது. காலைச் சுற்றிக் கடதாசித் துண்டால் அளவெடுத்து, பட்டி தாராளமாகச் சுழல வேண்டும் ஆனால் பாதத்தைத் தாண்டிக் கழன்றுவிடக் கூடாது என்று வெட்டி, விளிம்பு காலை அறுக்காமல் சீவித் தேய்த்து, தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கி ஊறவைத்தேன். பித்தளை வளையத்தைப் பதித்து ஒரு பட்டியில் குத்தரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன், விடிந்த பிறகும் அப்படியே தொங்கியது. மாட்டுவதற்கு அவளைப் பிடிக்க ஆள் வேண்டுமே. அவளை ஒரு நாளும் தொடாத அம்மா, துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கியவர், நான் குறட்டால் இரண்டாவது வளையத்தை அமத்தி முடிக்கும்வரை நிறுத்தவேயில்லை.

இரண்டு கிழமைக்கு முன் இங்கே புயல். அவளுடைய கொட்டிலின் கதவு காற்றில் கழன்றுவிட்டது, அதைத் திருத்தும் மட்டும் அவளைப் புல்லில், அவள் குந்துகிற வளைந்த கம்பியில் கட்டியிருந்தேன். ஒரு பெரிய காற்றுக்குப் பக்கத்து வீட்டு ட்ராம்போலின் வேலியையும் சாய்த்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குள் வந்து விழுந்தது, எனக்கும் அவளுக்கும் நடுவில். அவள் வெறி பிடித்தமாதிரி எழும்பிப் பறக்கிறாள், கயிறு இழுத்து நிலத்தில் விழுத்துகிறது, திரும்பவும் எழும்புகிறாள். என்னால் கிட்டப் போக முடியவில்லை, அந்த இரண்டு தோல் துண்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை அறவில்லை மகள். அதற்குள் அம்மா குசினியால் செருப்போடு ஓடிவந்து, கயிற்றை அவிழ்த்து, கையுறையும் இல்லாமல் வெறுங்கையால் அவளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அம்மாவின் கையில்தான் நகம் இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றி இப்போது ஆறிவிட்டது. அங்கே நர்ஸ் இது யார் செய்தது என்று கேட்க, அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், என்ர இளைய மகள் என்றார். நர்ஸ் குரலைத் தணித்துப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டாள். நாலு என்றார். நான் போனில் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தி எங்களை வெளியே கொண்டுவர ஒரு பாடு பட்டேன். ஆனால் எனக்கு உள்ளே சந்தோசம் றஜீனா, நீ போன நாளிலிருந்து அவளை அது, அது என்றே சொன்ன மனுசி. இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு மீனை வைத்துவிட்டு, அவளுக்கு இறைச்சியைத் தன் கையாலேயே நறுக்குகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தோல் எதுவானாலும் காய்ந்து வெடிக்கும், கையுறைக்கும் பட்டிக்கும் களிம்பு பூசும்போது உன் கைக்கும் பூசு. கொலுசைத் திருப்பிக் கொடுப்போம் என்றேன், அம்மா விடவில்லை, பஞ்சில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைக்கு உதவுமாம், அவசரமில்லையாம், உனக்குச் சொல்லிவைக்கச் சொன்னார். தேவமாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பா,
கஸ்பர்