டாங்கி அலமாரியிலேயே இருக்கும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
நோன்புக்கு முந்திய வாரம்

மதிப்பிற்குரிய மதினி சித்தி ஹாஜரா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தம்பி மனைவி சபூரா எழுதுகிறேன். இங்கே நான் நலம். பெர்த்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். முழங்காலுக்கு அந்த ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டதா? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி மதினி" என்பேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது நினைவுக்கு வரும். இத்தனை வருடமாக அப்படித்தான். இந்த முறை "சரி மதினி" என்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அந்தப் பொம்மையையும் டாங்கியையும் நோன்புக்கு முன்னால தூக்கிப் போட்டுரு புள்ள. உருவம் இருக்குற வீட்டுல வானத்துலேர்ந்து மலக்கு இறங்காது. என் தம்பி கபுருல கிடந்து கஷ்டப்படக் கூடாது. அது இருக்குற வீட்டுல பெருநாளைக்கு நான் கால் வைக்க மாட்டேன்" என்றீர்கள். நடுவில் உங்கள் குரல் உடைந்ததையும் கேட்டேன்.

டாங்கி அலமாரியிலேயே இருக்கும், மதினி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிப் பக்கம்வரை உங்களைக் காக்க வைப்பது மரியாதை இல்லை. ஆனால் காரணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே கோபத்தில் மடித்து வைத்துவிடாமல் படியுங்கள்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பின்கட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பி போன பிறகு நான் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனி விட்டது. போன வாரம்தான் இத்தா முடிந்து முதல்முறையாக வெளியே போனேன். தெருவில் எல்லாம் அப்படியே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தாவில் நான் உட்கார்ந்து பிளாஸ்டிக் டாங்கி கட்டினேன் என்று உங்களுக்கு ஜன்னத் மாமி சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஒரு நாள் அவர் சோறு கொண்டுவந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய பேப்பர், அதன்மேல் இடுக்கி, கத்தி, பெயிண்ட் புட்டி. மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். "இத்தாவுல இருக்குறவ மணம் பூசக் கூடாதுன்னு தெரியாதா? இந்த வீடே மணக்குது" என்றார். இது பெயிண்ட் கரைக்கும் தின்னர், அத்தர் இல்லை என்றேன். "மணம் மணந்தானே" என்றார். புட்டியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன். இருமிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர், மூச்சு வந்ததும், "இதை மணம்னு சொன்னா அத்தர் கடைக்காரன் அழுவான் லா" என்று அவரே சிரித்துவிட்டார். இந்தப் பகுதியை உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த டாங்கி உங்கள் தம்பி வாங்கிய கடைசி மாடல் பெட்டி. போலந்து நாட்டில் செய்து நம் ராணுவத்துக்கு வந்த டாங்கி. இங்கே அதற்கு பெண்டேக்கார் என்று பெயர். மெர்டேக்கா சுதந்திர நாள் அணிவகுப்பை டிவியில் பார்க்கும்போதெல்லாம் அதற்காகவே உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் முடித்துவிட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று விளக்கத்தாளின்மேல் இடுக்கியை வைத்துவிட்டுப் போனார். வந்து தொடர்வதாகத்தான் எண்ணம். பல வாரங்கள் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விளக்கத்தாளைப் படித்து அதன்படி செய்வது என் தொழில். வேறு எதையும் செய்ய எனக்கு அப்போது தெரியவில்லை.

விளையாட்டு என்று நீங்கள் சொல்வதால் இதையும் எழுதுகிறேன். பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பைத் தேய்த்து மறைக்க வேண்டும். இந்த டாங்கியின் மேலெல்லாம் கவசமாகச் சின்னச் சின்ன ஓடுகள். ஒன்று கோணினால் வரிசையே கோணிவிடும். சங்கிலிப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோர்த்து ஒரு பக்கம் முழுவதையும் முடித்த பிறகுதான் முன்பின் மாற்றிக் கோர்த்திருப்பது தெரிந்தது. பிரித்து மறுபடி கோர்த்தேன். பச்சை அடித்து முடித்து, பளபளப்பைக் குறைக்கும் வார்னிஷைப் போய் மழை பெய்கிற மத்தியானத்தில் அடித்துவிட்டேன். காற்றின் ஈரம் இறங்கி டாங்கி முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. வேதியியல் படித்தவள் செய்கிற தப்பா அது? அவர் மழை நாளில் புட்டியைத் தொடவே மாட்டார். வெயில் வரும்வரை காத்திருந்து, தின்னரை மென்மையாகத் தெளித்து, வெண்மையைப் போக்கினேன். விளையாட்டாக இருந்திருந்தால் அப்போதே குப்பையில் போட்டிருப்பேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

அந்த அலமாரியை நீங்கள் எப்போதாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா, மதினி? இல்லை. எங்கள் கல்யாணம் முடிந்த வருடம் வந்தபோது, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கையால் தடவியே ஒவ்வொரு டாங்கியையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தீர்கள். அதன் பிறகு நீங்கள் வரும்போதெல்லாம் முதல் நாளே அவரே திருப்பி வைத்துவிடுவார். நீங்கள் விமானம் ஏறியதும் நான் மறுபடி நேராகத் திருப்பி வைப்பேன். எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த முதல் முறை நீங்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அவர் என்னிடம் சொன்னார். "உம்மா போன பிறகு உன்னை வளர்த்தவ நான். கண்ணு மூக்கு வச்ச உருவம் உன் வீட்டுல இருக்கக் கூடாது, எனக்கு வாக்குக் கொடு" என்றீர்களாம். கொடுத்தார்.

அந்த வாக்கை அவர் காப்பாற்றினார்.

டாங்கியின் மேல்மூடி திறந்திருந்தால் உள்ளே ஒரு வீரன் நிற்க வேண்டும். பெட்டியிலேயே அவனும் வருவான். அவர் அவனைத் தூக்கிப் போடவில்லை. கைப்பிடியில் டேப் சுற்றிய ஒரு சின்ன அரம் வைத்திருந்தார், அதற்கு வேறு வேலையே கிடையாது. அந்த அரத்தால் ஒவ்வொருவனின் கண்ணையும் மூக்கையும் வாயையும் வழவழப்பாகத் தேய்த்துவிடுவார். பிறகு தோல் நிறம் பூசுவார். தொப்பியின் தையல், சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம்வரை எல்லாம் இருக்கும், முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. முகம் இல்லாவிட்டால் அது உருவம் ஆகாது என்று ஓர் உஸ்தாத் அவரிடம் சொன்னாராம். மாடல் கட்டுகிறவர்களின் சங்கத்தில், "ஹக்கீமோட மொட்டை மூஞ்சிப் பட்டாளம் வந்துருச்சு" என்று கேலி செய்வார்கள். ஒவ்வொரு போட்டியிலும் அதற்காகவே மதிப்பெண் வெட்டுவார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்.

என் சந்தேக புத்தி உங்களுக்குத் தெரியும். "மலக்குமார் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டா வருவாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "மலக்கு பார்ப்பாங்களோ என்னமோ, எனக்குத் தெரியாது சபூரா. அக்கா ஒரு நாள் பார்ப்பா" என்றார். அக்காவை நீங்களே கூப்பிட்டுக் காட்ட வேண்டியதுதானே என்று அவரிடம் கேட்டேன். ஒருத்தருக்காகச் செய்ததை அவரிடமே சொல்லிக் காட்டக் கூடாது என்றார்.

நீங்கள் பார்க்கவே இல்லை, மதினி. உங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. தூக்கிப் போடச் சொன்ன பொருள் இன்னதென்று தெரியாமலே சொல்லிவிட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தக் கடைசி டாங்கியின் வீரனை அவர் தொட்டிருக்கவில்லை. அவருடைய நண்பர் மோகனராஜ், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெர்ரியில் வருவாரே, அந்தத் தம்பி, வாசலுக்கு வெளியே நின்றபடியே, "அக்கா, அந்த ஒரு ஆளை மட்டும் என்கிட்ட குடுங்க. அண்ணனுக்கு நான் செய்யற கடைசி வேலை" என்று கேட்டார். கம்பிக் கதவு வழியாகக் கொடுத்தேன். தைப்பூசம் முடிந்த வாரம் திரும்பி வந்தார். தலை மொட்டை. தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தாராம். "அண்ணனுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றேன். பஞ்சு வைத்த ஒரு மாத்திரைப் பெட்டியை நீட்டிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

உள்ளே வந்து திறந்தேன். அவன் ஹக்கீமாக இருந்தான்.

அதே மீசை, ஓரத்தில் நரையோடு. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விடுவாரே, அந்த வாய். சின்ன வயதில் நீங்கள் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் போய் விழுந்தபோது கிழிந்த இடது புருவத் தழும்புகூட இருந்தது. பட்டாணி அளவுகூட இல்லாத தலை. போட்டோக்களில் இருப்பதைவிட அதில் நன்றாக இருந்தார். சமையல்கட்டு ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்தேன். அரிசி களையும்போது பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பில் வேலை செய்யும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் பார்க்கப்போவதில்லை. மலக்குகள் ஒரு பட்டாணிக்காக வாசலில் தயங்கி நிற்பார்கள் என்று நான் நம்பவும் இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவர் அவர், வேலையும் அவருடையது. நான் நம்புகிறேனா என்பது அதில் சேராது.

டேப் சுற்றிய அரத்தை எடுத்தேன். முதலில் மீசை. பிறகு கண்கள். தழும்பைக் கடைசியில்தான் தேய்த்தேன். பேப்பரில் விழுந்த தூளை ஊதிவிட மனம் வரவில்லை. காகிதத்தோடு மடித்து அதே மாத்திரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு அனுப்பிய குரல் அதற்கு மறுநாள் வந்தது.

இத்தா முடிந்து நான் முதலில் போனது அவருடைய சங்கத்தின் மாடல் போட்டிக் கண்காட்சிக்குத்தான். கொம்தார் பக்கத்துப் பேரங்காடியில் நடந்தது. இதுவும் உங்கள் காதுக்கு வரும், நானே சொல்லிவிடுகிறேன். பெயர் அட்டையில் ஹக்கீம், சபூரா என்று இரண்டு பெயரும் எழுதினேன். மதிப்பெண் போட வந்தவன் கோலாலம்பூர்ப் பையன், டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு வீரனைக் காட்டி, "மூக்கா பெலும் சியாப், ஆண்ட்டி?" என்றான், முகம் இன்னும் முடியவில்லையா என்று. முடிந்துவிட்டது என்றேன். மதிப்பெண் குறையுமே என்று தயங்கினான். குறைத்துக்கொள் என்றேன். பரிசு ஒன்றும் வரவில்லை.

மோகனராஜ் தம்பி அங்கேதான் அதை முதலில் பார்த்தார். முகம் தேய்ந்த வீரனருகே குனிந்தார். "ரொம்பப் பாடுபட்டு வரைஞ்சேன்க்கா" என்றார். தெரியும் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே செஞ்ச மாதிரியே இருக்கு" என்று சொல்லி, எனக்குக் குடிக்கத் தே வாங்கப் போனார். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை.

டாங்கி இப்போது அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. நோன்புக்கும் அங்கேதான் இருக்கும், பெருநாளைக்கும் அங்கேதான் இருக்கும். இந்த முறை சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவும் மாட்டேன். அதைச் செய்ய இருந்தவர் இல்லை, நான் செய்ய மாட்டேன். இதற்காக நீங்கள் வராமல் இருந்தால் எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் அது நகராது.

உங்கள் அறையைத் துடைத்து வைத்துவிட்டேன். மாடி ஏற வேண்டாம், கீழ் அறைதான். மெத்தையை வெயிலில் போட்டேன். டிக்கெட் போட்டதும் சொல்லுங்கள், நானே ஏர்போர்ட் வருகிறேன். வந்ததும் களைப்பில் தூங்கப் போய்விடாதீர்கள். அலமாரிக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுகிறேன், உட்கார்ந்து பார்க்கலாம்.

படிக்கிற கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். போன முறை விட்டுவிட்டு வந்து, என்னுடையதைப் போட்டுக்கொண்டு தலைவலி என்றீர்கள். இந்த முறை உங்களுடையதே வேண்டும்.

அல்லாஹ் உங்கள் முழங்காலுக்கு பலத்தையும் உங்கள் நோன்புக்கு நிறைவையும் தரட்டும்.

உங்கள் சொல்லை இந்த ஒன்றில் மட்டும் மீறும்,
சபூரா