மானிங்கும் பிறேடியும் உன் தலையும்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
21.10.2008

அன்பு மகன் கிறிஸ்ரியனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம், பேர்கனில் அக்கா எமிலியாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை, அதை நீதான் எனக்கு எழுதவேண்டும். தொலைபேசியில் நான் தலை என்று தொடங்கினாலே வகுப்புக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய், மூன்று நாளாக எடுப்பதுமில்லை. அதனால்தான் கடிதம். நீ எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் என்பதால் பெரிதாகவும் வடிவாகவும் எழுதுகிறேன். விளங்காத இடத்தை உன் அறைத்தோழன் ரெஜினால்டிடம் கேள், நாகர்கோவில் பையன் என்றாலும் நம்முடைய தமிழ் அவனுக்கு விளங்குகிறது, நான்தான் அவன் வேகத்துக்குக் கேட்கத் திணறுகிறேன். அவனோடு கோபிக்காதே. அவன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது என்னுடைய மிளகாய்.

நடந்தது உனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறதோ என்று பயந்துதான் இதை எழுதுகிறேன். அமெரிக்கன் புட்போல் ஆட்டம் முடிந்த மறுநாள் தலையிடி என்றாய், வெளிச்சம் பார்க்க ஏலாது என்றாய், சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தேன் என்றாய். எனக்கு உடனே நினைவு வந்தது நம்முடைய கோயில் மண்டபம்தான். பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது அப்பா மடிக்கணினியைத் திறந்து, நீ பந்து எறிகிற படத்தை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார், புளோறன்ஸ் அன்ரி வாயில் கைவைத்து இரண்டு ஆள் அளவுக்கு வளர்ந்துவிட்டான் என்று பார்த்தபடி நின்றாள். கண்ணூறுதான் என்று முடிவெடுத்தேன். வேறென்ன நினைப்பேன், உனக்குச் சின்னனில் காய்ச்சல் வந்தாலும் அதைத்தானே முதலில் கழிப்பேன். ரெஜினால்டைக் கூப்பிட்டு, மூன்று செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து உன் தலையைச் சுற்றி எரிக்கச் சொன்னேன். அவனும் எங்க ஊர்ல இதைத் திருஷ்டின்னு சொல்வோம் ஆன்ட்டி என்று சந்தோஷமாகச் செய்தான். மின்னடுப்பில் சட்டியை வைத்து மிளகாயைக் கருக்கியதில் விடுதி முழுக்க நெருப்பு மணி அடித்து, பிள்ளைகள் எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே ஓடி, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. இதைக் கேட்டு முதலில் நான் சிரித்தேன். பிறகுதான் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஆன்ட்டி, எல்லாரும் கீழ ஓடறாங்க, இவன் மட்டும் நடுவுல நின்னுட்டான். படிக்கட்டு எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டான்.”

இரண்டு வருடமாக நீ ஏறி இறங்குகிற படி, ராசா. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. துருவிக் கேட்டபோது ஓகஸ்ட் பயிற்சியிலும் தலையில் அடிபட்டது, போன ஆட்டத்தில் பட்டது இரண்டாவது தரம், பயிற்சியாளருக்குச் சொல்லவேண்டாம் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய் என்பதெல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கும் இறங்கப்போகிறாயாம். வேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேண்டாம்.

உன் நியாயத்தை நீ எடுத்த கடைசி அழைப்பில் கேட்டுவிட்டேன். ரீவியில் நாம் பார்க்கிற மானிங் இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டமும் விடவில்லை என்றாய். பிறேடி எப்படி வந்தவர், முன்பு அந்தப் பந்து எறிகிற இடத்தில் நின்றவர் அடிபட்டு வெளியே இருந்ததால்தானே வந்தார், அவர் சுகமாகித் திரும்பியபோது இடம் போய்விட்டது, எனக்குப் பின்னால் ஒரு உயரப் பொடியன் காத்துக்கொண்டு நிற்கிறான் அம்மா என்றாய். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. ஞாயிறு பின்னேரங்களில் நீ மானிங் பக்கமும் அப்பா பிறேடி பக்கமுமாக ரீவிக்கு முன்னால் சண்டைபிடிக்க, நடுவில் இருந்து வெங்காயம் உரித்தவள் நான். அப்பா பிறேடிக்கு மூன்று கிண்ணம் என்பார், நீ மானிங் எறிந்த தூரத்தைச் சொல்வாய். நான் பார்த்தது வேறு. மானிங் பந்து வருமுன்பே மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவர் மாதிரிக் கையைக் காட்டிக் கத்தி எல்லாரையும் இடம் மாற்றுவார், எவன் எந்தப் பக்கத்தால் தன்மேல் பாய்வான் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார், பாய்கிறவன் வந்து சேருமுன் பந்து கையை விட்டுப் போய்விடும். அதற்கும் நேரமில்லை என்றால் தானே நிலத்தில் சுருண்டு விழுந்துவிடுவார், அப்பாகூட பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பாரே. அந்த மனிதர் ஒரு ஆட்டமும் விடாததற்குக் காரணம் அடியைத் தாங்கியது இல்லை, அடி வாங்காமல் தப்பத் தெரிந்தது. பிறேடி அப்படிக் கத்தமாட்டார், சுற்றி எல்லாரும் விழுந்துகொண்டிருக்க ஒரு அடி இப்படி ஒரு அடி அப்படி நகர்ந்து, கடைசிவரை பொறுத்து எறிவார். அவ்வளவு நிதானக்காரர் இந்த வருடம் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் வீட்டில் இருக்கிறாரே, வேறொரு பொடியன் அவருடைய இடத்தில் விளையாடுகிறானே, அவர் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாரா? அதுவும் அவருக்கு அடிபட்டது முழங்காலில். மானிங்குக்கும் சரி பிறேடிக்கும் சரி, எவன் எங்கே ஓடுகிறான் என்று ஒரு நொடியில் கண்டுபிடிக்கிற தலை இருக்கிறது. படிக்கட்டைத் தேடுகிற பிள்ளை அந்த இடத்தில் நின்று எதைக் கண்டுபிடிப்பான்?

நான் வேலை செய்கிற பராமரிப்பு இல்லத்தில் ஒருவர் இருக்கிறார், என்னை விட வயது குறைவு, இளமையில் ஐஸ் ஹொக்கி விளையாடித் தலையில் பல தரம் அடிபட்டவர். ஒவ்வொரு நாளும் மனைவி வருவா, ஒவ்வொரு நாளும் அவர் எழும்பிக் கைகொடுத்துத் தன் பெயரைச் சொல்லுவார். சோறு குழைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எந்த நேரமும் அந்தக் கையே என் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவிடம் சொன்னேன், பயிற்சியாளருக்கு நாங்களே சொல்லுவோம் என்று. பந்துக்காகத்தானே அந்த அமெரிக்கக் கல்லூரி அவனை எடுத்தது, பொடியனின்ரை கனவை நாங்கள் உடைக்கக்கூடாது என்றார். ஆனால் போன ஞாயிறு ரீவியில் யாரோ ஒருவன் விழுந்து எழும்பாமல் கிடந்தபோது அப்பா ரீவியை நிற்பாட்டிவிட்டு யன்னலுக்கு முன்னால் போய் நின்றார். அக்கா, அம்மா அவன் சின்னப்பிள்ளை இல்லை, நீங்கள் இதைச் செய்தால் அவன் உங்களை மன்னிக்கமாட்டான் என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். உன்னைத் தவிர எனக்குக் கேட்க வேறு ஆளில்லை மகன். நீயாகவே போய்ச் சொல்லிவிடு.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று புதன்கிழமை, தபாலில் போடப் போனேன், எவ்வளவு அவசரமாக அனுப்பினாலும் திங்களுக்கு முன் போகாது என்றாள் அங்கே வேலை செய்கிற பெண். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வேலையில். ரெஜினால்ட் தந்த இலக்கத்துக்கு, உன் பயிற்சியாளருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஆங்கிலம் பாதியும் நோர்வே மொழி பாதியுமாக, மகன், தலை, இரண்டு தரம், படிக்கட்டு தெரியவில்லை, விளையாட விடவேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்னேன். நீ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தாயாம். நீங்கள் கதைப்பது மகனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றே டொக்ரரிடம் கூட்டிப்போவதாகவும், டொக்ரர் விடும்வரை இறக்கமாட்டேன் என்றும் சொன்னார். ஆகவே இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அந்த உயரப் பொடியன் உன் இடத்தில் நின்று ஆடியிருப்பான். நேற்று எழுதியதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன், முதலில் உன்னிடம் கெஞ்சினேன் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வெளிச்சத்தையும் கணினியையும் பார்க்காமல் படுத்திரு, டொக்ரர் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் சொல். இனி நீ என்னோடு கதைக்கமாட்டாய், தெரிந்துதான் செய்தேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் கதைக்காமல் இரு மகன். ஏன் கதைக்கவில்லை என்பது மட்டும் உனக்குக் கடைசிவரை ஞாபகம் இருக்கட்டும், எனக்கு அது போதும்.

உன் அம்மா,
மரியரஞ்சனி அருட்செல்வம்