ஒழுகும் கண்ணாடித் தொட்டியை வாங்கியே விட்டேன்

ஜுசினேய் அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல நான் ரோசினாரா எழுதுகிறேன். அவள் சொல்வதை உள்ளது உள்ளபடி எழுதுவேன், "இதை எழுதாதே" என்று சொல்வது உட்பட. இனி அம்மாவின் பேச்சு.

அன்பு மகனுக்கு, பார்செலோஸில் நாங்கள் மூவரும் சுகம், ஆறு நேரத்தோடு வடிந்துவிட்டதால் காட்டோடைகளில் மீனும் நிறைய, சாவோ பாவ்லோக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் வேண்டாம் என்று போனில் கத்தினாயே, அந்த மீன் தொட்டியை வாங்கிவிட்டேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது அங்கே கண்ணாடித் தொட்டியில் நம் ஊர் கார்டினல் மீனைப் பார்த்தேன், விளக்கு ஏற்றினது போல மின்னுகிறது என்று படம் அனுப்பியவன் நீதானே? உன் வயது முழுக்க நான் அந்த மீனைப் பிடித்து விற்றிருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரோ கறுப்புத் தேநீர் மாதிரி, கைவலையில் வந்ததைப் பிளாஸ்டிக் தட்டில் கொட்டினால் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பார்க்கிறார்கள், பிடித்தவள் பார்க்கக் கூடாதா?

விடுதியை மூடிவிட்டுப் போகிற அன்செல்மோ தன் தொட்டிக்கு ஒரு மூட்டை வறுத்த மரவள்ளி மாவு கேட்டார். அடியில் ஒரு மூலையில் ஒழுகுகிறது என்று அவரே சொன்னார். உன் அப்பா ஊஞ்சல் படுக்கையை விட்டு எழும்பாமலே, "ஒழுகுற பெட்டிக்கு ஒழுகாத மூட்டையா? வாசல்ல ஆறு ஓடுது, போய் பாருடி" என்றார். பக்கத்து வீட்டு இராசில்டா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மீனுக்குக் கண்ணாடி வீடு, அடுத்தது கோழிக்குக் கட்டிலா, வால்டெனோரா?" என்றாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலை எழுதாதே ரோசி. (அம்மா சொன்ன பதில்: "உன் புருஷன் தூங்குறானே, அந்தக் கட்டில்தான்.")

வாங்குமுன் அடைத்துப் பார்க்க அன்செல்மோ சம்மதித்தார். படகு அடைப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லையே, அந்த வீம்பில் பிசினைக் காய்ச்சி விடுதிக்கே எடுத்து வந்து, தொட்டியைக் கவிழ்த்து, படகுக்குப் பூசுவது போலவே வெளிப்பக்கம் அழகாகப் பூசினார். தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு பிசின் காய்ந்த புண் பொருக்கு மாதிரி உரிந்து விழுந்து அவர் காலெல்லாம் நனைந்தது. "என் பிசினே நிக்கலைன்னா எதுவும் நிக்காது, வா போகலாம்" என்றார். வேண்டாமென்றால் நாளைப் படகில் மேல் ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்றார் அன்செல்மோ. நான் நகரவில்லை. ஒழுகுகிற மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். படகுக்குத் தண்ணீர் வெளியே, அது பூச்சை உள்நோக்கி அழுத்தும். இதற்கு உள்ளே, பின்னாலிருந்து தள்ளிவிடும். இது உள்வெளியாகத் திருப்பிய படகு, அவ்வளவுதான்! அங்கேயே சொன்னேன், மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், தொட்டி என்னுடையது என்று.

பழைய பசையைச் சுரண்டி, கண்ணாடி ஒட்டும் சிலிக்கானை உள்மூலையில் நானே விரலால் இழுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு மழைத் தண்ணீரில் சிறிது ஆற்று நீர் கலந்து நிரப்பி, அடியில் காகிதம் விரித்தேன். காகிதம் நனையவில்லை. கொஞ்சம் மீனை விட்டேன். ஐயோ மகனே, அந்த நீலக் கோடு! வாலும் வயிறும் அத்தனை சிவப்பு. இத்தனை வருடம் என்னத்தை விற்றேன் என்றே தெரியாமல் விற்றிருக்கிறேன். நான் முன்னால் குந்தியிருக்கும்போது பின்னாலிருந்து அப்பா குரல்: "நகருடி, மறைக்கிறே."

ஆகவே இதைப் பற்றி இனி எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம், நீயும்தான். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அந்தப் பல்லைப் பிடுங்கிவிடு. மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். பண்டிகைக்கு வரும்போது மீனுக்குச் சின்ன விளக்கு ஒன்று வாங்கி வா, மறந்தால் வாசலில் நிற்க வைப்பேன்.

உன் அம்மா, வால்டெனோரா.

இன்னும் எழுத இருந்தது அண்ணா. ஆனால் அப்பா தொட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அணை என்கிறார். இராசில்டா அத்தையும் கட்டிலைப் பற்றிப் பேசாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.