வண்டிக்கு அடியில் ஒரு குழாய் டேங்க்

கரியாலூர்
14-2-1988

அன்புள்ள மகன் வீரமுத்துவுக்கு, அம்மா கொளஞ்சியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை செல்லி எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கப்பாவும் என் தம்பி, உன் மாமா காசிநாதனும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு உயிரோடு இருப்பதே பெரிய சங்கதியாக இருப்பதால் முதலில் அதை எழுதச் சொன்னேன். பம்பாய் லாரிப் பட்டறையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று பதில் எழுது.

உங்கப்பா உளுந்தூர்பேட்டையில் பழைய பிக்கப் வண்டி வாங்கியதைப் போன கடிதத்தில் சொன்னேன். பிக்கப் வாங்கினால் பிக்கலும் பிடுங்கலும் கூடவே வரும் என்று செல்லி அன்றைக்கே சொன்னாள், அவள் வாயில் சர்க்கரையா போடுவது, சாம்பலைத்தான் போட வேண்டும். வந்த நாளிலிருந்து அப்பா அந்த வண்டிக்கு அடியில்தான் குடியிருந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் கால் மட்டும் ஆடும். புதன்கிழமை சேறு கழுவும்போது அவருக்குப் புரியாத சாமான் இரண்டு கண்ணில் பட்டது. பின்தொட்டியின் உள்பக்கம் வரிசையாக இரும்பு வளையம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வண்டிக்கு அடியில், தண்ணீர்க் குடம் அளவில் ஒரு கறுப்பு டேங்க், அதன் அடிவயிற்றில் திருகு வைத்த சின்னக் குழாய். டீசல் டேங்க் வேறு பக்கம் தனியாக இருக்கிறது. அப்பா டிராக்டர் ஓட்டிப் பழகியவர், அவர் ஓட்டிய டிராக்டரில் இப்படி ஒன்று கிடையாது. மாமாவைக் கூட்டி வந்து காட்டினார். வளையத்தைப் பார்த்தவன் இது ஆளைக் கட்டவா மாட்டைக் கட்டவா என்று கேட்டுவிட்டு, அடியில் புகுந்து குழாயைத் திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம், நாலு சொட்டுத் தண்ணீர். விரலில் தொட்டு மோந்தவன் முகம் அப்படியே செத்துவிட்டது. "யோவ் மாமா, புளிச்ச நாத்தம்யா, ஊறல் நாத்தம். இது சாராய டேங்க்கு. எவனோ கடத்திக்கினு இருந்த வண்டிய உன் தலையில கட்டிட்டான்யா" என்றான்.

நம் மலையில் குழாய் வைத்த டேங்க்கைப் பார்த்தால் வேறு எதுதான் தோன்றும், நீயே சொல். பக்கத்து வீட்டுப் பாவாடை, அணைக்குக் கீழே சோதனையில் சாராயம் ஊற்றிய லாரி ட்யூப் ஒன்று சிக்கியதற்கு மூன்று மாதம் கடலூர் ஜெயிலில் கிடந்தான், அந்த ட்யூப் அவனுடையதுகூட இல்லை. உனக்கு எழுதிக் கேட்கலாம், பட்டறையில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாததா என்று நான் சொன்னேன், செல்லி டேங்க்கைப் படம்கூட வரைந்து வைத்தாள். ஆனால் உன் பதில் வரப் பதினைந்து நாள் ஆகும், மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டாகிவிட்டது, மூன்றாம் நாள் உள்ளே கறுப்புக் கோடு ஓடிவிட்டால் ஜவ்வரிசி மில்லில் தொடமாட்டான். அப்பா அன்று சோற்றைப் பிசைந்தார், தின்னவில்லை. "ஜெயிலுக்குப் போன கையோட பையனுக்கு எப்புடிடி பொண்ணு கேப்பேன்" என்றார். வியாழக்கிழமை அவரும் மாமாவும் அந்த டேங்க்கைக் கழற்றி, அதில் வந்து சேர்ந்த ரப்பர் குழாய்களை அறுத்து, பழைய செருப்பைச் சீவி அவற்றின் வாயில் ஆப்பு அடித்து, டேங்க்கைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிழங்கை ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி மில்லுக்குக் கிளம்பினோம். நான் முன்சீட்டில், மாமா மூட்டை மேல், செல்லி ஆடுகளோடு வீட்டில். ரோடு வரைக்கும் மேடு, பிரேக்குக்கு வேலையில்லை. மலை இறக்கத்தில் முதல் வளைவில் மிதித்தவர், "இன்னாடி இது, கல்லு மேல மிதிக்கறாப்ல கீது" என்றார். இரண்டாவது வளைவில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார், வண்டி கேட்கவில்லை. என் பக்கம் பள்ளம், மூங்கில் கொழுந்து என் காலுக்குக் கீழே தெரிகிறது. கரியராமா என்று கத்தினேனே தவிர எனக்கு என் குரல் கேட்கவில்லை. அப்பா கியரைக் குறைத்தார், வண்டி உறுமியது, மூன்றாவது வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹாரன். சட்டென்று மலைப் பக்கம் ஒடித்து வண்டியைப் பாறையோடு உரசவிட்டார். உரசிக்கொண்டே போய், ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. மாமா மூட்டையோடு ஜல்லியில் விழுந்து முன்பல் ஒன்று போய்விட்டது. எனக்கு முழங்கை வீக்கம். அப்பாவுக்குக் காயமில்லை, ஆனால் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை, ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

பஸ்காரர் சொல்லி அனுப்பி, கச்சிராயபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் அக்பர் அலி பாய் மத்தியானம் வந்தார். அடியில் படுத்தவர் செருப்பு ஆப்பைக் கையில் பிடுங்கிக்கொண்டு எழுந்து டேங்க் எங்கே என்று கேட்டார், கொல்லையில் புதைத்ததை அப்பா சொன்னார். "பிரேக்கு டேங்க்க பொதச்சுட்டு பிரேக்கு புடிக்கலன்றியே அண்ணே, உன்ன இன்னா சொல்றது? காத்து இல்லாம உறிஞ்சி வச்சிக்கினு, நீ மிதிக்கறப்ப உன் காலுக்கு பலம் குடுக்கற டேங்க்கு அது. குழாய், உள்ள சேர்ற தண்ணிய வடிக்கறதுக்கு. வளையம் கயிறு கட்டறதுக்கு" என்றார். சாராய நாற்றம் அடித்ததே என்று அப்பா கேட்டதற்கு, "அதுல எண்ணெய் நாத்தம் தான் வரும், எந்த மூக்கு மோந்துச்சு?" என்றார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தான்.

டேங்க்கைத் தோண்டியெடுத்து நேற்றுப் பாய் மாட்டிவிட்டார். மில்லுக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் குனிந்து அதைத் தட்டினார், "பிரேக்கு டேங்க்கா, போ" என்று சொல்லிவிட்டார். கிழங்கில் பாதி கறுத்துப்போய் ஆட்டுக்குத்தான் ஆயிற்று. போகட்டும், மாமா மூக்கை நம்பியதற்குத் தண்டனை. நீ லாரிக்கு அடியில் படுக்கும் முன் சக்கரத்துக்குக் கல் வைத்தாயா என்று இரண்டு தடவை பார், மறக்காதே. கரியராமன் உன்னைக் கண்ணிமை போலக் காக்கட்டும், நல்ல இடத்தில் பெண் அமையட்டும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கட்டும்.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது, இனி செல்லி. அம்மா உலை வைக்கப் போயிருக்கிறது. பாய் சொன்னது சரி, அந்த டேங்க்கில் புளித்த நாற்றம் வராது. புதன்கிழமை அப்பா மாமாவைக் கூப்பிடப் போன நேரத்தில், ஆட்டுக்கு வைத்திருந்த புளித்த கஞ்சியை அந்தக் குழாயில் தடவினது நான். மாமா எதையும் மோந்துதானே பார்க்கும், மோந்ததும் கஞ்சி குடித்த மூக்கு என்று கத்தலாம் என்று அடுப்படியில் ஒளிந்திருந்தேன். சாராயம் என்று சொன்னதும் அப்பா முகம் போன போக்கில் என் வாய் அடைத்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு நாழியும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று வண்டிக்குப் பின்னால் ஓடினேன், டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அம்மா கையை ஆட்டியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை மாமா, பல் போன வாயோடு, எல்லாம் தன் மூக்கால் வந்தது என்று அப்பாவிடம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அம்மா வந்ததும் இதையும் படிக்கப் போகிறேன்.

படித்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. கஞ்சி என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னது. சாயங்காலம் அப்பாவும் மாமாவும் வந்ததும் அவர்கள் எதிரில் நின்று இதே போலப் படி, அதற்கப்புறம் தபாலில் போடலாம் என்று மட்டும் சொன்னது. கீழே ரேகை வைத்த இடத்தில் தாள் ஓட்டையானது என் விளையாட்டு இல்லை அண்ணா, அம்மா அழுத்தியது.

இப்படிக்கு,
உன் அம்மா
கொளஞ்சியம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)